பூச்சிக் குளிசையா, சட்டித் தயிரா, புரோபயோட்டிக் கப்சூலா?

பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, வயிறு ஊதிக் கிடக்கிறது, இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறது என்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க வீடுகளில் ஆளுக்கொரு யோசனை வரும். ஒருவர் பாமசியில் பூச்சிக் குளிசை வாங்கச் சொல்வார். இன்னொருவர் பப்பாசி விதையை அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்வார். இப்போது புரோபயோட்டிக்கும் சேர்ந்துகொண்டது: குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களைக் கப்சூலாகவோ தூளாகவோ கொடுப்பது. அதற்கு ஏன் காசு, எங்கள் எருமைத் தயிர் போதாதா என்ற கேள்வியும் கூடவே வரும். (பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்பட்டதல்ல. அதை மட்டும் வைத்துக் குளிசை கொடுக்க வேண்டாம்.)

எது நல்லது என்பது குடலில் இருப்பது எது என்பதைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியும் புழுக்கள் ஒரு வகை. ஜியார்டியா, அமீபா போன்ற, நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஒற்றைக்கல உயிரிகள் வேறு வகை. புழு விஷயத்தில் புரோபயோட்டிக்குக்கு இடமே இல்லை. ஜியார்டியாவில் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பயன் தெரிகிறது. மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கத்தக்க புரோபயோட்டிக் இரண்டு வகைக்கும் இல்லை.

புழுக்கள்: குளிசைகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம்

பாடசாலையிலும் கிளினிக்கிலும் பெரும்பாலும் கிடைப்பது மெபெண்டசோல், 500 மில்லிகிராம் ஒரே தடவை. அதற்குப் போட்டி அல்பெண்டசோல், 400 மில்லிகிராம் ஒரே தடவை. ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு 200. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் வெளியான கணக்கின்படி வட்டப்புழுவை முற்றாக நீக்குவதில் இரண்டும் நூற்றுக்கு 96 அளவில் நிற்கின்றன. கொக்கிப்புழுவிலோ அல்பெண்டசோல் 80ஐ நெருங்க, ஒற்றைத் தடவை மெபெண்டசோல் 32இல் தங்கிவிடுகிறது. சாட்டைப்புழுவுக்கு இரண்டுமே பலவீனம்: அல்பெண்டசோல் 31, மெபெண்டசோல் 42.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் செருப்பில்லாமல் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கொக்கிப்புழு வித்தியாசம் முக்கியமானது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் கிடக்கும் முட்டையிலிருந்து வரும் குடம்பி 5 முதல் 10 நாளில் தொற்றும் நிலைக்கு வந்து, காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இலங்கையில் அதிகம் காணப்படும் இனம் நாளொன்றுக்குப் புழுவொன்றுக்கு 0.03 மில்லிலீட்டர் இரத்தம் வரை குடிக்கும். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீட்டர். மாதக்கணக்கில் இப்படிப் போனால் முகம் வெளிறி, படியேற மூச்சு வாங்கும். இரத்தசோகையோடு கொக்கிப்புழு உறுதியானவர் மருத்துவரிடம் அல்பெண்டசோல் பற்றிக் கேட்கலாம். மெபெண்டசோல்தான் கிடைக்கிறதென்றால் 100 மில்லிகிராம் காலையும் மாலையும் மூன்று நாள் எடுப்பது ஒற்றைத் தடவையை விட மேல். இரும்புச்சத்துக் குளிசையும் சேர வேண்டும், ஏனெனில் புழு போனாலும் போன இரத்தம் தானாகத் திரும்பாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்தக் குளிசைகள் வேண்டாம். அதன் பிறகு கிளினிக்கில் கொடுக்கும் மெபெண்டசோலைத் தயங்காமல் எடுக்கலாம். சின்னக் குழந்தைக்குக் குளிசையை நொறுக்கித் தண்ணீரில் கரைத்தே கொடுங்கள். முழுதாக வாயில் திணித்தால் தொண்டையில் அடைக்கும்.

இதே இடத்தில் புரோபயோட்டிக்கை வைத்துப் பார்த்தால் சொல்லக்கூடியதெல்லாம் எலிகளில் நடந்த சோதனைகள்தான். அவையும் ஒரே திசையில் போகவில்லை. எலிகளின் சாட்டைப்புழு முட்டை பொரிக்கவே குடல் பக்டீரியாவின் தொடுகை தேவை என்று 2010இல் தெரியவந்தது. லக்டோபசிலஸ் காசெய் கொடுக்கப்பட்ட எலிகளில் சாட்டைப்புழு வெளியேறத் தாமதமானதாகவும் ஒரு சோதனை காட்டியது. ஆகவே, புழுவை வெளியேற்றும் என்று சொல்லி விற்கப்படும் எந்தப் புரோபயோட்டிக் பொடியையும் நம்பிக் குளிசையைத் தவிர்க்க வேண்டாம்.

கீரிப்பூச்சி தனிக்கதை. இரவில் பெண்புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும், அரிப்பு அதனால்தான். இதை மலப்பரிசோதனை பெரும்பாலும் தவறவிடும். விடிந்ததும், பிள்ளை கழுவுவதற்கு முன், ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி ஒளிபுகும் செலோடேப்பை ஒரு கரண்டியின் பின்பக்கத்தில் மடித்துப் பிடித்து ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும். மூன்று காலைகள் எடுத்தால் பெரும்பாலும் தவறாது. மருந்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில், பிறகு இரண்டு வாரத்தில் மறுபடியும். இரண்டாவது தடவையை விட்டுவிடுவதுதான் இந்தப் பூச்சி திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு முக்கிய காரணம்: குளிசை புழுவைக் கொல்லும், முட்டையை அவ்வளவாகத் தொடாது. படுக்கை விரிப்பு, நகம் இரண்டையும் அன்றே கவனிக்க வேண்டும்.

ஜியார்டியா: புரோபயோட்டிக்குக்கு உண்மையான இடம்

ஜியார்டியா சிறுகுடலின் மேல்பகுதியில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. மலம் எண்ணெய்ப்பசையாக, கெட்ட நாற்றத்தோடு, மிதக்கும், வாரக்கணக்கில் நீளும், காய்ச்சலும் இரத்தமும் வழக்கமாக இராது. வடகீழ்ப் பருவமழை வெள்ளம் வடிந்தபின் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கும் வீடுகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். கடற்கரை மணலில் கிணறு ஆழமில்லை, மலசலகூடக் குழியும் தூரத்தில் இல்லை. கிணற்றுக்குக் குளோரின் போடுவது பக்டீரியாவுக்கு நல்லது, ஆனால் ஜியார்டியாவின் கூடுகள் (மலத்தோடு வெளியேறும், ஓடு போர்த்திய அதன் உறங்கு நிலை) குளோரினைத் தாங்கக்கூடியவை. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

மருந்து மெட்ரோனிடசோல்: பெரியவருக்குப் பொதுவாக 400 மில்லிகிராம் ஒரு நாளில் மூன்று தடவை, ஐந்து நாள், பிள்ளைக்கு எடைக்கேற்ப மருத்துவர் கணக்கிடுவார். மாற்று டினிடசோல், 2 கிராம் ஒரே தடவை. வாயில் உலோகச் சுவை, குமட்டல் என்று இரண்டாம் நாளே மெட்ரோனிடசோலை நிறுத்துபவர்கள் அதிகம். வயிற்றோட்டம் நின்றாலும் கூடுகள் மலத்தில் போய்க்கொண்டிருக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். முடியவே இல்லையென்றால் மருந்தை விடுவதை விட டினிடசோலுக்கு மாற்றித் தரக் கேட்பது நல்லது. இரண்டிலும் மதுபானம் கூடாது.

இங்கேதான் சக்கரோமைசஸ் பொலார்டி என்ற ஈஸ்ட் வருகிறது. 2006இல் வெளியான துருக்கி ஆய்வொன்றில் 65 பேருக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். 30 பேருக்கு அதோடு இந்த ஈஸ்ட் 250 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தடவை; மற்ற 35 பேருக்கு அதோடு ஈஸ்ட் இல்லாத வெறும் கப்சூல். இரண்டு வாரத்தில் வெறும் கப்சூல் எடுத்தவர்களில் 6 பேரிடம் கூடுகள் இன்னும் இருந்தன. ஈஸ்ட் எடுத்தவர்களில் ஒருவரிடமும் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மனிதரில் நடந்தது, ஒப்பிட ஒரு குழுவும் இருந்தது. அமீபா வயிற்றோட்டத்தில் 2003இல் ஈரானில் நடந்த ஆய்வும் இதே பக்கம் சாய்ந்தது: மருந்தோடு ஈஸ்ட் சேர்ந்தபோது வயிற்றோட்டம் சராசரியாக 48 மணி நேரத்துக்குப் பதிலாக 12 மணி நேரம். அமீபாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மெட்ரோனிடசோல் குடலுக்குள் தங்கும் கூடுகளை விட்டுவைக்கும். அவற்றைக் கொல்ல டிலொக்சனைட் என்ற மருந்தை 500 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை பத்து நாள் தொடர வேண்டும். அந்த இரண்டாம் மருந்தைப் பாமசியில் கேட்காமல் விட்டு, அதன் இடத்தில் புரோபயோட்டிக் வாங்குவது தவறான சிக்கனம்.

லக்டோபசிலஸ் வகைகளில் ஜொன்சொனி என்ற இனத்தின் ஒரு வகை ஜெர்பில் எலிகளில் ஜியார்டியாவைக் கட்டுப்படுத்தியது. பித்த உப்புக்களைப் பிரிக்கும் அதன் நொதி காரணமென்று தெரிகிறது. பிரிந்த உப்பு ஜியார்டியாவுக்கு நஞ்சு. அந்தக் குறிப்பிட்ட வகைக்குத்தான் இது பொருந்தும். பெட்டியில் லக்டோபசிலஸ் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

கப்சூலும் தயிரும்

ஈஸ்ட் கப்சூலின் பலம், அளவு தெரிவது: 250 மில்லிகிராமில் ஏறத்தாழ 500 கோடி உயிருள்ள கலங்கள். அது ஈஸ்ட் என்பதால் மெட்ரோனிடசோல் அதைக் கொல்லாது, ஒன்றாகவே எடுக்கலாம். ஃபுளுகொனசோல் போன்ற பூஞ்சை மருந்து கொல்லும். சுடுதண்ணீரும் சுடுதேநீரும் கொல்லும். பிள்ளைக்குத் திறந்து கலக்குவதானால் ஆறிய கஞ்சியில் கலக்குங்கள். நோயெதிர்ப்பு குறைந்தவருக்கும் பெருநாளத்தில் குழாய் போட்டிருப்பவருக்கும் இதைக் கொடுக்கக்கூடாது. இரத்தத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். அத்தகைய நோயாளியின் கட்டிலருகே கப்சூலைத் திறக்கவும் கூடாது.

சட்டித் தயிரின் நிலை வேறு. எருமைப்பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 42, 43 பாகைக்கு ஆறவிட்டு, பழைய தயிரில் லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறையிட்டால் ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். மண்சட்டி நீரை உறிஞ்ச, தயிர் கரண்டியில் வெட்டி எடுக்கலாம் போல் இறுகும். அருமையான உணவு. ஆனால் உறை வீட்டுக்கு வீடு மாறுவதால் அதிலுள்ள பக்டீரியா எது, எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. ஜியார்டியாவுக்கு மருந்தென்று அதைக் கொடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

தயிர் உதவும் இடம் நோய்க்குப் பிந்திய வாரங்கள். ஜியார்டியா சிறுகுடலின் உட்சுவரைப் புண்ணாக்குவதால் பால் சர்க்கரை செரிக்காமல், பால் குடித்தால் வயிறு மறுபடி ஊதும். மருந்து பலிக்கவில்லை என்று தவறாக நினைத்து இரண்டாம் தடவை மெட்ரோனிடசோல் எடுப்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று வாரம் பாலை நிறுத்தி, நாளுக்கு அரைக் கோப்பை தயிர் கொடுத்துப் பார்க்கலாம். தயிரை மோராக்கும்போது கொதித்தாறிய தண்ணீரையே ஊற்ற வேண்டும். பச்சைக் கிணற்றுத் தண்ணீர் விட்ட மோரில் ஜியார்டியா திரும்ப வரும்.

பப்பாசி விதைக்கும் ஒரு நியாயம் உண்டு. 2007இல் நைஜீரியப் பிள்ளைகள் 60 பேரில், காயவைத்த விதையும் தேனும் எடுத்த 30 பேரில் 23 பேரின் மலம் ஏழு நாளில் சுத்தமானது. தேன் மட்டும் எடுத்தவர்களில் 5 பேர். ஒரே ஒரு சிறிய ஆய்வு, அளவும் நிலைப்படவில்லை. கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாது. குளிசை கைக்கெட்டும் ஊரில் அதைத் தேட அவசியமில்லை. ஆமணக்கெண்ணெய்ப் பேதியோ நீரிழப்பைத்தான் கூட்டும்.

ஜியார்டியா ஒவ்வொரு நாளும் மலத்தில் வராது. மூன்று வெவ்வேறு நாள் மாதிரி கொடுத்துத்தான் இல்லையென்று ஏற்க வேண்டும். மருந்து முடிந்தும் குறிகள் மாறாவிட்டால், அடுத்த மருந்து வாங்குமுன் அதே மூன்று மாதிரிகளை மறுபடி கொடுங்கள்.