1905 ரக்பி பயணம்: ஜெர்சியா, ஆட்ட நிரலா, விசிலா?

1905-06இல் பிரிட்டன், பிரான்ஸ், வட அமெரிக்கா என்று சுற்றிய நியூசிலாந்து ரக்பி அணி 35 ஆட்டங்கள் ஆடி, 976 புள்ளிகள் குவித்து, எதிரிகளுக்கு வெறும் 59ஐ விட்டுக்கொடுத்தது. தோற்றது ஒன்றில்தான். 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயர் உலகத்துக்குப் பழகியது அப்போதுதான். அந்தப் பயணத்தின் நினைவுப் பொருள்களில் எது பெரிது என்று கேட்டால், பலரும் ஜெர்சியைத்தான் காட்டுவார்கள்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. டிசம்பர் 16 அன்று கார்டிஃபில் வேல்ஸிடம் 0-3 என்று தோற்ற அந்த ஒரே ஆட்டத்தில், கேப்டன் டேவ் காலஹர் போட்டிருந்த ஜெர்சி அது. ஆட்டம் முடிந்ததும் அதை வேல்ஸ் கேப்டன் க்வின் நிக்கோல்ஸுக்குக் கொடுத்துவிட்டார். 2015இல் அதே கார்டிஃபில் 1,80,000 பவுண்டுக்கு ஏலம் போனது. 1917இல் பெல்ஜியத்தின் பாஷன்டேல் போரில் காலஹர் இறந்துபோனார் என்பதையும் நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் கறுப்புத் துணி மனசை என்னவோ செய்கிறது. ஆனால் இனி யாரும் அதைப் போட்டுக்கொண்டு ஓடப்போவதில்லை. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்று பொத்திப் பொத்தித்தான் வைக்க வேண்டும்.

அதே ஆட்டத்தின் நிரல் புத்தகமும் (புரோகிராம்) சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள்தான். வாங்குவதாக இருந்தால் மறுபதிப்பா என்று தாளையும் மடிப்பையும் நன்றாகப் பார்க்க வேண்டும். என் மனம் அதில் முழுதாக ஒட்டவில்லை. ஆட்டத்துக்கு முன்பே அச்சானது அது. நியூசிலாந்து வீரர் பாப் டீன்ஸ் வேல்ஸின் கோல் கோட்டில் பந்தை ஊன்றினாரா இல்லையா என்று இன்றுவரை நடக்கும் வாக்குவாதமோ, நியூசிலாந்து அணி ஆட்டத்துக்கு முன் ஆடும் மாவோரி நடனமான ஹாகாவுக்குப் பதிலடியாக வேல்ஸ் கூட்டம் தன் நாட்டுப் பாடலைப் பாடியதோ அதற்குத் தெரியாது.

அப்புறம் கில் எவன்ஸ் விசில். டிசம்பர் 2 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நியூசிலாந்து 15-0 என்று இங்கிலாந்தை வென்றது. நியூசிலாந்தின் டங்கன் மெக்ரிகர் மட்டும் நான்கு டிரை (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) போட்ட ஆட்டம். அதற்கு நடுவர் எவன்ஸ் ஊதிய விசில் இது. அது அன்றோடு ஓய்ந்துவிடவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக் ரக்பி இறுதி ஆட்டத்தில் நடுவர் ஆல்பர்ட் ஃப்ரீத்தி இதைத்தான் ஊதினார். 1925 ஜனவரியில் லண்டனின் ட்விக்கனம் மைதானத்தில் நியூசிலாந்து வீரர் சிரில் பிரவுன்லியை அவர் வெளியேற்றியபோதும் இதே விசில்தான். சர்வதேச ரக்பியில் ஒரு வீரரை ஆட்டத்திலிருந்து அனுப்பியது அதுவே முதல் முறை.

விலை என்று வந்தால் ஜெர்சிக்குத்தான் முதலிடம், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்றைத்தான் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றால் விசிலைத்தான் கேட்பேன். ஜெர்சியில் இருப்பது ஒரே ஒரு மாலைப்பொழுது. விசிலோ நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த் நகர ரக்பி அருங்காட்சியகத்தில் இருந்து, 1987 முதல் ஒவ்வொரு ரக்பி உலகக் கோப்பைக்கும் பயணப்பட்டு, முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைத்துவிட்டுத் தன் பெட்டிக்குத் திரும்புகிறது.