எம்-பெசாவா, யுபிஐயா?

போன்வழிப் பணத்தைப் புதிதாகத் தொடங்கும் ஒரு நாட்டுக்கு கென்யாவின் எம்-பெசா சரிப்படுமா, இந்தியாவின் யுபிஐ சரிப்படுமா? இரண்டிலும் போனில்தான் பணம் அனுப்புகிறோம், ஆனால் பிறந்த கதை வேறு. கென்யாவில் 2007-ல் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் எம்-பெசாவைத் தொடங்கியபோது பலருக்கு வங்கிக் கணக்கே கிடையாது. அதனால் போன் எண்ணையே கணக்காக்கினார்கள், தெருமுனைக் கடைக்காரர் ஏஜென்ட் ஆனார், நைரோபியில் வேலை பார்க்கிற மகன் அனுப்பும் பணத்தை ஊரில் அம்மா அந்தக் கடையிலேயே ரொக்கமாக வாங்கிக்கொண்டார். பட்டன் போன் போதும், இணையம் வேண்டாம். மத்திய வங்கியும் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், ஆட்சேபணை இல்லை என ஒரு கடிதம் கொடுத்து ஓடவிட்டது. அதுதான் துணிச்சல் என்பேன்.

2016-ல் வந்த யுபிஐ அப்படியே தலைகீழ். ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் என்பிசிஐ என்ற தேசியப் பணப்பட்டுவாடா நிறுவனம் நடத்துகிறது. பொதுவாக வங்கிக் கணக்கு வேண்டும். 2014-லேயே ஏழைகளுக்கும் ஜன்தன் என்ற வங்கிக் கணக்குகள் திறக்க ஆரம்பித்தது இங்கே கைகொடுத்தது. எந்த ஆப்பிலிருந்தும் எந்த வங்கிக்கும் போகும். பட்டன் போனுக்கான 123பே 2022-ல்தான் வந்தது, கொஞ்சம் தாமதம்தான்.

காசு விஷயம்? எம்-பெசாவில் பணம் எடுக்கக் கட்டணம் உண்டு, ஏஜென்டுக்கும் கமிஷன் போகவேண்டுமே. யுபிஐயில் கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்ப இலவசம், 2020 முதல் கடைக்காரருக்கும் அப்படித்தான். ஆனால் அந்தச் செலவை வங்கிகளும் அரசு ஊக்கத்தொகையும் சுமக்கின்றன, எத்தனை நாளைக்கோ!

சரி, வங்கிக் கிளையே இல்லாத நாட்டுக்கு முதலில் எம்-பெசா முறைதான் சரிப்படும். ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் சந்தை சிக்கிவிடாதபடி அரசு ஆரம்பத்திலேயே விதி போட்டுவிட வேண்டும்.