சிபாகிரா உப்புத் தேவாலயம்: போகோட்டாவிலிருந்து ஒரு பகல் பயணம்

கொலம்பியத் தலைநகர் போகோட்டாவுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள சிபாகிராவின் உப்புச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 180 மீட்டர் ஆழத்தில், பாறையுப்பைக் குடைந்தே அமைத்திருக்கும் தேவாலயம், ஒரே பகலில் சென்று திரும்பக்கூடிய இடங்களில் முதலிடம் பெறத் தக்கது. 1954-இல் திறந்த பழைய தேவாலயம் பாதுகாப்புக் காரணங்களால் 1992-இல் மூடப்பட்டதால், இன்று நாம் காண்பது 1995-இல் திறக்கப்பட்ட புதியது. இயேசு சிலுவை சுமந்து சென்ற இறுதிப் பயணத்தை நினைவூட்டும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் கடந்து உள்ளே இறங்குகையில், அலங்காரமற்ற சிலுவைகளும் சுவர்களின் கருஞ்சாம்பல் நிறமும் மனத்தை ஆட்கொள்கின்றன. நிறம் மாறிக்கொண்டேயிருக்கும் மின்விளக்குகள்தாம் (இது என் ரசனை மட்டுமே) அந்த அமைதிக்குப் பொருந்தவில்லை. கட்டணம் சற்று அதிகமே. வார இறுதியில் சுற்றுலா ரயில் உண்டு என்றாலும், நேரம் குறைந்தவர்களுக்குப் போகோட்டாவின் வடபகுதியிலுள்ள போர்ட்டல் நோர்த்தே பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்தே ஏற்றது.