வீட்டுப் பலகாரத்துக்கு லைசென்ஸ் வாங்கித் தருவதாக வரும் ஏஜென்ட்: உஷார்!

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் அக்காமார், ஆச்சிமார் கவனத்துக்கு. உணவு லைசென்ஸ் எடுத்துத் தருவதாக ஒருத்தர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ஸ்டேஷனில் புகார் நிற்பதால் பேரைப் போடவில்லை. என்னிடம் வாங்கியது 8,500 ரூபாய்.

தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் போடுகிறேன். 2023 தீபாவளிக்குக் கடைக்காரர் ஒருவர் நிறைய எடுப்பதாகச் சொன்னார், ஆனால் பாக்கெட்டில் எப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் வேண்டும் என்றார். அதைக் கேள்விப்பட்டுத்தான் இந்த ஆள் வந்தார்.

எங்களுடையது பங்கு வீடு. வரி ரசீது இன்னும் ஐயா பேரில்தான். அதைத்தான் பிடித்துக்கொண்டார். “பங்காளிக எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கணும் ஆச்சி, பாதிப் பேரு மலேசியாவுல இருக்காக. அத நான் பாத்துக்கிறேன், தனிச் செலவு ஆகும். ஆபீசரையும் கவனிக்கணும்.” இங்கே எந்த வீட்டுக்குத்தான் இந்தச் சிக்கல் இல்லை! ஆள் தெரிந்துதான் வலை போடுகிறார்.

பத்து நாளில் லேமினேஷன் போட்ட தாள் வந்தது. அந்த நம்பரை வைத்து ஸ்டிக்கரும் அடித்தாயிற்று. கடைக்காரர் அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், வேறு ஜில்லாவில் இருக்கும் ஓர் அரிசி ஆலை வருகிறது.

14 இலக்க நம்பரைப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சின்ன வியாபாரத்துக்கான பதிவு. அடுத்த 24 தமிழ்நாடு. அதற்கடுத்த இரண்டு, கொடுத்த வருஷம். என் தாளில் இருந்தது 12417. 2023-இல் வாங்கின நம்பரில் 17 எப்படி வரும்? பதிவுச் சான்று என்றால் நம் போட்டோவும் இருக்கும். அதிலே அதுவும் இல்லை.

இதில் மாட்டுவது அவர் இல்லை, நாம்தான். தவறான விவரம் போட்ட பாக்கெட்டை விற்றால், 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் வரை அபராதம். ஸ்டிக்கர் அத்தனையையும் அடுப்பில் போட்டேன்.

பிறகு சிவகங்கை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டேன். அப்போதைய (2023) விதிப்படி வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் லைசென்ஸே வேண்டாம், பதிவு போதும் என்றார்கள். கட்டணம் அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய், ஆன்லைனில் கட்டினேன். ஆதார், போட்டோ கொடுத்தேன். ஆதாரிலேயே இந்த வீட்டு முகவரி இருந்ததால் பங்காளிப் பேச்சே எழவில்லை. பார்க்க வந்த அலுவலர் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், முறுக்கு சுட்ட எண்ணெயை என்ன செய்கிறீர்கள் என்றுதான் துருவினார். காப்பிகூடக் குடிக்கவில்லை. ஏஜென்ட்டோ அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை!

நம்பர் கைக்கு வருவதற்குள் தீபாவளி ஆர்டர் வேறு கைக்குப் போய்விட்டது. பணமும் திரும்பவில்லை. இப்போது தேவகோட்டைப் பக்கம் சுற்றுகிறாராம். அவரிடம் கொடுத்தவர்கள் ஜிபே ரசீதையும் அந்தத் தாளையும் கிழித்துவிடாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் வழக்குப் போடலாம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள்.