உயிர்மருத்துவ அறிவியலா, உயிர்வேதியியலா?

இளநிலைப் பட்டத்துக்கு இவ்விரண்டையும் எடைபோடும் மாணவர், முதலாண்டுப் பாடங்களை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடக்கூடும். செல், மரபணு, நொதி எல்லாம் இரண்டிலும் உண்டு. வேறுபாடு, அவை எழுப்பும் கேள்வியில் இருக்கிறது.

பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமர்ந்துவிட்டால், ஆக்சிஜனை இழந்த அந்தப் புரதங்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன என்பதை உயிர்வேதியியல் துருவிப் பார்க்கும். உயிர்மருத்துவ அறிவியலோ, கண்ணாடித் தகட்டில் தடவிய ஒரு சொட்டு இரத்தத்தில் பிறை போல் வளைந்த சிவப்பணுக்களை நுண்ணோக்கி வழியே அடையாளம் காணவும், அவை நுண்குழாய்களை அடைத்து வலியையும் உறுப்புச் சேதத்தையும் உண்டாக்கும் விதத்தை உடலியங்கியல், நோயியல் வழியாகத் தொடரவும் கற்றுத்தரும்.

வேதியியலில் உண்மையான பற்றில்லாதவருக்கு உயிர்வேதியியலை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோயின் போக்கை அறியத் துடிப்பவருக்கு உயிர்மருத்துவ அறிவியலே பொருந்தும். ஆனால் அது மருத்துவப் பட்டம் அன்று. அதைக் கொண்டு சிகிச்சை அளிக்க இயலாது என்பதைச் சேரும் முன்பே மாணவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பல நாடுகளில் மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரியப் பட்டத்துடன் தனிப் பதிவோ உரிமமோ தேவைப்படுவதால், எடுக்கவிருக்கும் படிப்பு அதற்கு ஏற்கப்படுமா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்வது நல்லது.