மாடல் ரயில் லேஅவுட் ஒயரிங்குக்கு ஆள் வைக்கிறீர்களா? கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் பலகைக்கு அடியில் பாருங்கள்

8-க்கு 4 அடி பலகையில் எச்ஓ அளவு மாடல் ரயில் லேஅவுட், டிசிசி கட்டுப்பாடு (தண்டவாளம் வழியே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை), ஐந்து பாயிண்ட் (வண்டி தடம் மாறும் இடம்). ஒயரிங் மொத்தத்துக்கும் பேசிப் பணம் வாங்கியவர் ஒப்படைத்த வேலை இது. இரண்டே வாரத்தில், பூஸ்டருக்கு (தண்டவாளத்துக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டி) எதிர்மூலையில் இன்ஜின் தவழ ஆரம்பித்தது. போன் செய்தால் "டிராக் அழுக்கு சார், துடைச்சு விடுங்க" என்றார். துடைத்தும் சரியாகவில்லை என்றதும் "டீகோடர் போயிடுச்சு, புதுசு போடணும்" என்றார்; இன்ஜினுக்குள் இருந்து கட்டளையைப் புரிந்து ஓட்டும் சிறு சர்க்யூட்டைத்தான் சொன்னார். இரண்டுமே பொய்.

பில்லில் இருந்தது 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் பஸ் ஒயர், அதாவது பலகைக்கு அடியில் நெடுக ஓடும் முதன்மை ஒயர். அடியில் ஓடியது சிவப்பும் கறுப்பும் ஒட்டிய ஸ்பீக்கர் ஒயர். தோல் தடிமன், உள்ளே முடி மாதிரி 14 இழை; கூட்டினால் 0.2 ஸ்கொயர் எம்எம்கூடத் தேறாது. பிளேடால் ஓர் இழையைச் சுரண்டியதும் செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது: செம்பு முலாம் பூசிய அலுமினியம். சந்தேகம் இருந்தால் லைட்டரில் காட்டுங்கள். காப்பர் இழை சிவந்து அப்படியே நிற்கும், அலுமினியம் உருகிச் சுருண்டுவிடும். முழுச் சுருளாக வாங்குகிறவர்களுக்கு எடையே போதும். 90 மீட்டர் 2.5 ஒயரில் காப்பர் மட்டுமே சுமார் 2 கிலோ இருக்கும். தோலோடு சேர்த்தும் சுருள் 2 கிலோ தேறாவிட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த ஒயரில் 6 மீட்டர் போய் 6 மீட்டர் திரும்பினால் தடை சுமார் 1.6 ஓம். 2 ஆம்பியர் இழுத்தாலே 3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அசல் 2.5 காப்பரில் இதே இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. போதாததற்கு முழு வட்டத்துக்கும் ஒரே ஒரு ஜோடி ஃபீடர் (பஸ் ஒயரிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் சிறு ஒயர்). மற்ற இடமெல்லாம் ஃபிஷ்பிளேட்டை (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு) நம்பி விட்டிருந்தார். அது இன்று கடத்தும், மழைக்காலத்தில் கறுத்துவிட்டால் கடத்தாது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 ஸ்கொயர் எம்எம்மில், ஓர் அடிக்கு மிகாத ஃபீடர் சாலிடர் செய்திருக்க வேண்டும்.

இன்ஜின் மெதுவாக ஓடுவது எரிச்சல், அவ்வளவுதான். ஆபத்து வேறு. ஷார்ட் ஆனால் பூஸ்டர் வெட்டுகிறதா என்று பார்க்க, எதிர்மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்தோம். பூஸ்டர் டிரிப் ஆகவே இல்லை. பூஸ்டரைக் கழற்றிவிட்டு, நாணயத்தை எடுக்காமல், அந்த ஒயர்முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 3.5 ஓம். 15 வோல்ட் முழுசாக வந்தாலும் 4.3 ஆம்பியர்தான் ஓடும். பூஸ்டரோ 5 ஆம்பியரில்தான் வெட்டும். அதற்குள் 60 வாட்டுக்கு மேல் சூடு ஒயரிலும் இணைப்புகளிலும் இறங்கலாம். நாம் பிடித்து வேலை செய்யும் சாலிடரிங் அயர்ன் 25 வாட்! ஒரு வண்டி தடம்புரண்டு கிடந்தால் அதன் போகி (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) உருகிய பிறகுதான் தெரியும். மல்டிமீட்டரின் சொந்த ஒயர்களின் தடையைக் கழித்தபின், நாணயம் வைத்து அளக்கும் தடை எந்த மூலையிலும் அரை ஓமைத் தாண்டக்கூடாது. நாணயம் வைத்த நொடியில் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள், கிடுக்கியால்.

பூஸ்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டரில் "15 வோல்ட் 5 ஆம்பியர்" என்று ஸ்டிக்கர். அது உண்மையா என்று பார்க்க வழி உண்டு: அடாப்டரின் முனைகளில், பைக் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டை இணையாகக் கட்டினால் 15 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொன்றாகச் சேருங்கள், குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு இழுக்கும் என்பதால், நல்ல அடாப்டரும் ஓரிரு முறை மினுக்கலாம். பிறகு நிலையாக எரிய வேண்டும், 15 விநாடி போதும். எங்கள் அடாப்டர் முதல் பல்புக்குத் தாங்கியது, இரண்டாவதற்கு அணைந்து அணைந்து எரிந்தது. மூன்று வண்டி ஒன்றாக ஓடும்போது எல்லாம் நின்று கட்டுப்பாட்டுப் பெட்டி மறுபடி தொடங்கியதற்கு இதுதான் காரணம். டீகோடர்மேல் பழி விழுந்ததும் இப்படித்தான்.

பாயிண்டை நகர்த்தும் மோட்டார்கள் காயில் வகை, கண நேரம் மட்டுமே மின்சாரம் தர வேண்டியவை. அவற்றுக்குச் சாதாரண டாகிள் சுவிட்ச் போட்டிருந்தார். யாராவது ஆன் செய்து விட்டுவிட்டால் காயில் கருகும், இரண்டு கருகிவிட்டன. கையை எடுத்ததும் விடுபடும் புஷ் சுவிட்ச், கூடவே கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் (சேமித்த மின்சாரத்தை ஒரே வீச்சில் கொடுத்து நிறுத்துவது) ஒன்று இருந்தால் இந்தச் செலவே இல்லை.

இன்னொரு இன்ஜினுக்கு "டிசிசி ரெடி" என்று எழுதி டீகோடர் விலையையும் சேர்த்திருந்தார். ரெடி என்றால் சாக்கெட் இருக்கிறது என்றுதான் பொருள். இன்ஜினின் மேல்கூட்டைத் திறந்தால் 8 பின் சாக்கெட்டில் வெறும் பிளாங்கிங் பிளக், டீகோடர் இல்லாதபோது செருகி வைப்பது. திறக்கத் தயங்குபவர்கள் புரோகிராமிங் டிராக்கில் (டீகோடரின் அமைப்பைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைக்கும் தண்டவாளம்) வைத்து சிவி 8-ஐ, அதாவது டீகோடரில் தயாரிப்பாளர் எண் பதிந்த இடத்தை, படிக்கச் சொல்லுங்கள். டீகோடர் இருந்தால் தயாரிப்பாளர் எண் வரும், பிளக் பதில் சொல்லாது.

ஏமாந்தவர்கள் ஒயரை மொத்தமாகப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் துண்டு, சுரண்டிய இழை, அடாப்டர், பில், பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எங்கள் ஆள் பணத்தைத் திருப்பவில்லை. "அடுத்த வாரம் வந்து பாக்கறேன் சார்" என்பதோடு நிற்கிறார்.