டேட்டாபேஸைத் தொடும் கோடுக்கு யூனிட் டெஸ்ட்: மாக்கா, ஃபேக்கா, நிஜ போஸ்ட்கிரஸா?

கணக்கு மட்டும் போடும் ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுத யாரும் யோசனை கேட்பதில்லை. டேட்டாபேஸைத் தொடும் கோடு வந்ததும்தான் டீமுக்குள் வாக்குவாதம் தொடங்குகிறது. பஸ் டிக்கெட் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். இருக்கை காலியா என்று பார்க்க வேண்டும், பதிய வேண்டும், பயணிக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். பைத்தானில் இதை டெஸ்ட் செய்ய நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நான்கும் ஒரே தரமல்ல.

மாக்

நிஜ ஆப்ஜெக்ட்டுக்குப் பதில் டெஸ்டில் வைக்கும் போலி இது; தன்னை எப்படி அழைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளும். பெரும்பாலோர் முதலில் கைவைப்பது இதில்தான். 2012-ல் வந்த பைத்தான் 3.3 முதல் மொழியோடே சேர்ந்து வருகிறது, ஓடுவதும் வேகம். சிக்கல் என்னவென்றால், மாக் எதைக் கேட்டாலும் தலையாட்டும். இருக்கையைத் தேடும் ஃபங்ஷன், கிடைக்காதபோது 'எதுவுமில்லை' என்று திருப்ப வேண்டும். மாக்குக்கு நாம் எதுவும் சொல்லி வைக்காவிட்டால் அது இன்னொரு மாக்கைத் திருப்பும். இஃப் கண்டிஷனில் அது 'உண்டு' என்றே கணக்காகும். 'இருக்கை இல்லை' என்ற பாதையில் கோடு போகவே போகாது. டெஸ்ட் மட்டும் பச்சை காட்டும்.

மாக் அழைக்கப்பட்டதா என்று சரிபார்க்கும் மெத்தடின் பெயரை ('அஸெர்ட்' என்று தொடங்கும்) தப்பாக அடித்தாலும், முன்பெல்லாம் அந்தப் பெயரிலேயே ஒரு மாக் முளைத்துவிடும். அஸெர்ட் என்று தொடங்கும் தவறான பெயர்களுக்கு பைத்தான் 3.5 முதல் பிழை வருகிறது. அஸெர்ட்டையே விட்டுவிட்டு எழுதினால் பிடிப்பது 3.12-ல்தான் வந்தது. நிஜ ஆப்ஜெக்ட்டின் வடிவத்தையே மாக்குக்குக் கொடுக்கும் ஆட்டோஸ்பெக் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அது பெயரையும் ஆர்கியுமென்ட்டையும்தான் காவல் காக்கும், நடத்தையை அல்ல.

இன்னொரு தொல்லை ரீஃபேக்டரில், அதாவது நடத்தையை மாற்றாமல் கோடைத் திருத்தி அமைக்கும்போது. சேமிக்கும் ஒரே அழைப்பை இரண்டாகப் பிரித்தால், பயணிக்குக் கிடைப்பது துளியும் மாறாவிட்டாலும் டெஸ்ட்கள் வரிசையாகச் சிவக்கும்.

ஃபேக்

டேட்டாபேஸ் இருக்கும் இடத்தில் ஒரு டிக்‌ஷனரியை வைத்து, சேமி, தேடு, நீக்கு என்று நாமே சின்னதாக எழுதிக்கொள்வது. ஒரே இருக்கையை இருமுறை பதியச் சொல்லி, இரண்டாவது மறுக்கப்படுகிறதா என்று கேட்கலாம். எந்த மெத்தட் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற பேச்சே வேண்டாம். முன்பதிவு விதி, ரத்துக் கட்டணம் போன்றவற்றுக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

ஒரு குழி இருக்கிறது; பலர் அதில் விழுகிறார்கள். டிக்‌ஷனரி, உள்ளே இருக்கும் அதே ஆப்ஜெக்ட்டைத்தான் வெளியே கொடுக்கும். கோடு அதன் நிலையை 'ரத்து' என்று மாற்றிவிட்டு, சேமிக்க மறந்தாலும் ஃபேக்கில் மாறியே தெரியும். நிஜ டேட்டாபேஸில் டிக்கெட் அப்படியே இருக்கும். போடும்போதும் எடுக்கும்போதும் டீப்காப்பி (முழு நகல்) செய்தால் இது தீரும். ஒரே டெஸ்ட் தொகுப்பை ஃபேக்கின் மேலும் நிஜத்தின் மேலும் ஓட்டினால், இரண்டும் மெல்ல விலகிப்போவதும் தெரிந்துவிடும்.

எஸ்கியூலைட்

புரொடக்‌ஷனில் (பயணிகள் பயன்படுத்தும் நிஜ அமைப்பில்) போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், டெஸ்டில் மெமரியில் ஓடும் எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ். நிஜம் போலவே தெரிவதுதான் இதன் ஆபத்து. சாதாரண டேபிளில் இன்டிஜர் (முழு எண்) பத்திக்குள் எழுத்தைப் போட்டாலும் எஸ்கியூலைட் வாங்கிக்கொள்ளும் (2021-ல் வந்த 3.37 முதல் வகையைக் கறாராகப் பார்க்கும் ஸ்ட்ரிக்ட் டேபிள் உண்டு, நாம் கேட்டால்தான்). பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்ற வார்கேர் பத்தியில் ஐம்பது எழுத்து நுழையும். லைக் தேடலில் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வித்தியாசத்தை அது பார்க்காது, போஸ்ட்கிரஸ் பார்க்கும். பயணிகள் பெயரைத் தமிழிலேயே வைத்து டெஸ்ட் எழுதினால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது! முக்கியமாக, இருக்கையைப் பூட்டும் 'செலக்ட் ஃபார் அப்டேட்' எஸ்கியூலைட்டில் கிடையாது. பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். புரொடக்‌ஷனும் எஸ்கியூலைட் என்றால் ஒழிய, இந்த வழி வேண்டாம்.

நிஜ போஸ்ட்கிரஸ்

வெளி அமைப்பைத் தொடுவதால் 'இது யூனிட் டெஸ்டே அல்ல' என்பார்கள். பெயர் எதுவானாலும் சரி, குவெரி சரியா என்று போஸ்ட்கிரஸைத்தான் கேட்க வேண்டும். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் போஸ்ட்கிரஸ் கிளம்ப ஆகும் சில வினாடிகளை மொத்த ஓட்டத்துக்கும் ஒருமுறை மட்டும் கொடுத்தால் போதும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரி அதைப் பார்த்துக்கொள்ளும். டெஸ்டில் தரவு தொலைந்தால் நட்டமில்லை என்பதால் எஃப்சிங்கை (எழுதியதை டிஸ்க்கில் உறுதிசெய்வது) அணைத்து இன்னும் வேகம் கூட்டலாம்.

ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்கிறது, அதாவது மாற்றங்களை எல்லாம் பழையபடி ஆக்குகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இருக்கைக்கு மோதுவதை அதற்குள் சோதிக்க முடியாது. மெதுவான டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸ் வேண்டும். கமிட் ஆன (மாற்றம் நிலைத்த) பிறகு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லி வைத்திருந்தால் அதுவும் டெஸ்ட்கேஸில் ஓடாது. ஜாங்கோ 3.2 முதல் அந்தக் கால்பேக்குகளைப் பிடித்து ஓட்ட வழி இருக்கிறது. அங்கே எஸ்எம்எஸ் கேட்வேக்கு ஆட்டோஸ்பெக்கோடு ஒரு மாக் வையுங்கள்: அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெற முடியாது, அதனால் அந்த இடம் மாக்குக்கே உரியது.